சம்பந்தி கேட்ட ஏர்பேக் உறுதி

தங்கவயல் மாரிக்குப்பத்தில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி பொன்னுரங்கம் அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் அவர்களுக்கும், பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து பச்சைமுத்து தன் சொந்தக் கையால், யாருடைய துணையும் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம். அடுத்த வரியில் உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும் என்பது பார்கவி டீச்சர் சொல்லிக் கொடுத்த முறை. ஆனால் நேற்றுத்தான் சம்பந்தியம்மாள் என் மருமகள் விஜியிடம் முக்கால் மணி நேரம் போனில் பேசினார்கள். உங்கள் இடது முழங்கால், வலது முழங்கால், பக்கத்து வீட்டுக்காரர் போட்டுத் தண்ணீர் வராமல் போன போர்வெல் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அறிய ஆவல் என்று எழுதுவது பொய். நான் எழுதும் முதல் கடிதத்தில் பொய் இருக்கக் கூடாது என்று அந்த வரியை விட்டுவிட்டேன். ஒரு வரி எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது என்பதும் ஒரு காரணம்.

ஆம், எழுதுவது நானேதான். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும் ஒவ்வொரு வரி முடியும்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதமாக, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்கு, இங்கே சமூகக் கூடத்தில் பார்கவி டீச்சர் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறார். மொத்தம் எட்டுப் பேர். எழுபத்தொரு வயதில் நான்தான் மூத்த மாணவன். வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்ததால் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். "ஆறு மாசமா இந்த மனுசன் நடக்கிறாரு, தொப்பை ஒரு இஞ்சு இறங்கலையே" என்று முத்தம்மா எதிர்வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கும் தெரியும். தெரிந்த நாளிலிருந்து மளிகைச் சாமான் பட்டியலை என்னைத்தான் எழுதச் சொல்கிறாள். போன வாரம் நான் பட்டியலை முடிப்பதற்குள் கடை சாத்திவிட்டார்கள்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் நீங்கள்தான். விஜியின் வளைகாப்பு அன்று, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். முறைப்படி அன்றே நீங்கள் பெண்ணை அழைத்துப் போயிருக்க வேண்டும். விஜிக்கு ஆபீசில் லீவு இந்த மாதக் கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால் தள்ளிப் போட்டோம். உங்கள் முழங்காலை நினைத்து, நீங்கள் வர வேண்டாம், உங்கள் மாப்பிள்ளை முகேஷ் காரிலேயே கொண்டுவந்து விடுகிறோம் என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் கார் சாதாரணக் கார் இல்லை, விஜி முழுகாமல் இருப்பது எங்களுக்குத் தெரிந்த அதே வாரத்தில் அந்தக் காருக்கும் தெரிந்துவிட்டது என்று சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அதை நான் ஏன் சொன்னேன் என்று விளக்க அன்று நேரமில்லை. இப்போது விளக்குகிறேன். சிட்டி ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் மூட்டை தூக்கியவன் நான். எழுத்து தெரியாதே தவிர, பெட்டி மேல் இருக்கும் படத்தைப் படிப்பதில் என்னை ஜெயித்த ஆள் அங்கே கிடையாது. கண்ணாடி டம்ளர் படம் இருந்தால் உள்ளே உடையும் சாமான். குடை படம் இருந்தால் நனையக் கூடாது. மேலே பார்க்கும் இரண்டு அம்பு இருந்தால் தலைகீழாக வைக்கக் கூடாது. படித்த கிளார்க்குகளே "பச்சை, இது என்னப்பா படம்?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்த அனுபவத்தில்தான் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் திடீரென்று எரிய ஆரம்பித்த சிவப்பு விளக்கைப் பார்த்தேன். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். வயிற்றுக்கு நேர் முன்னால் பெரிதாக, உருண்டையாக ஒன்று. இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? வண்டியில் கர்ப்பிணி இருக்கிறாள், மெதுவாக ஓட்டு என்று அர்த்தம். அதே வாரத்தில் ஹாரனும் நின்றுவிட்டது. பிள்ளைத்தாச்சிக்குச் சத்தம் ஆகாது என்று வண்டியே வாயை மூடிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். நாலு மாதமாக முகேஷை முப்பதுக்கு மேல் போக விடவில்லை. ஹாரன் இல்லாததால் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "அண்ணா, சைடு! அம்மா, சைடு!" என்று கத்திக்கொண்டே ஓட்டினான். பெங்களூரில் இதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

நான் இதைச் சொன்னதும் நீங்கள் கையில் எடுத்த சாதத்தை இலையில் போட்டுவிட்டு, எச்சில் கையோடு எழுந்து, வாசலில் நின்ற காருக்குப் போய், முகேஷைச் சாவி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். உங்கள் மச்சினர், என் மச்சினன், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் என எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சம்பந்தி, சுரங்கத்துல லேம்ப் ரூம்ல இருபத்தேழு வருசம் விளக்கு குடுத்தவன் நான். வெளிச்சத்துக்கு எரியிற விளக்கு எது, ஆபத்துக்கு எரியிற விளக்கு எதுன்னு எனக்குத் தெரியும். அது கர்ப்பிணியும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஏர்பேக் விளக்கு. மோதினா பொத்துன்னு விரிஞ்சு ஆளைக் காப்பாத்துற பை. அது பழுதுன்னு வண்டி நாலு மாசமா கத்துது, நீங்க அதுக்குக் கற்பூரம் காட்டாத குறை!"

"பழைய வண்டி சம்பந்தி, பாத்துரலாம்" என்றான் என் மச்சினன்.

"பாக்க வேணாம். பை வேலை செய்யுதுன்னு உங்க மச்சானை எழுதிக் குடுக்கச் சொல்லு. அப்புறம் என் பொண்ணை அதுல ஏத்துங்க. எழுத்து வரலைன்னா, முழங்கால் போனாலும் பரவாயில்ல, நான் டிரெயின்ல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

எனக்குக் கைநாட்டுத்தான் என்பது உங்கள் மச்சினருக்குத் தெரியும். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்த காரணம் வேறு, நான் சிரித்த காரணம் வேறு. எழுபத்தொரு வருடத்தில் என்னிடம் ஒருவர் எழுதிக் கொடு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் வகுப்பில் உயிர்மெய்யெழுத்து முடித்து, கடிதப் பாடம் தொடங்கியிருந்த வாரத்தில் கேட்டீர்கள். அன்றைக்கு உங்களைக் கட்டிப்பிடித்திருப்பேன். உங்கள் கை எச்சிலாக இருந்தது.

உறுதி கொடுப்பதற்கு முன்னால் பையைச் சரி பார்க்க வேண்டும் அல்லவா. மறுநாளே எங்கள் தெருமுனையில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் விக்கியிடம் வண்டியை விட்டோம். அரை மணி நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். விளக்கு எரியவில்லை.

"எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் சரி பண்ணே?" என்று கேட்டேன்.

"விளக்கு எரியிறதுதானே அங்கிள் பிரச்சனை? மீட்டரைக் கழட்டி, விளக்கு மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். பிரச்சனை கதம். விக்கிறப்பகூட யாரும் கண்டுபிடிக்க முடியாது."

இதில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. உடையும் சாமான் பெட்டியில் டம்ளர் படத்தைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பது இரும்பாகிவிடாது. ஆகவே பார்சல் ஆபீஸ் முறைப்படி நானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பெட்டி தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் லேசாகப் போட்டுப் பார்ப்போம். அதே முறைதான். முகேஷ் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில், என்னோடு மூட்டை தூக்கிய மதலைமுத்துவையும் இன்னும் இரண்டு பேரையும் வரவழைத்தேன். மூன்று பேருடைய வயதையும் கூட்டினால் இருநூற்றைத் தாண்டும். வண்டியை மைதானத்துச் சுவருக்கு நேராக நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்து, நான் தலையில் முகேஷின் ஹெல்மெட்டையும் மடியில் ஒரு தலையணையையும் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"வேகம் போதுமாடா பச்சை?" என்று மதலைமுத்து கேட்டான்.

"இன்னும் கொஞ்சம்!"

"இன்னும் கொஞ்சம்னா எனக்கு ஆஸ்துமா வரும்டா. சீக்கிரம் மோதித் தொலை!"

வண்டி சுவரில் டொப் என்று மோதியது. நம்பர் பிளேட் வளைந்தது. சுவரின் மேல் உட்கார்ந்திருந்த பூனை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபக்கம் குதித்தது. பை விரியவில்லை. ஆகவே பை பழுது என்று முடிவு செய்து, வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து முத்தம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உறுதிப் பத்திரத்தில் எதையும் மறைக்கக் கூடாது.

"பையி வேலை செய்யுதான்னு பாக்க செவுத்துல மோதுனீங்க, சரி. மூளை வேலை செய்யுதான்னு பாக்க எதுல மோதலாம்னு இருக்கீங்க?"

அதற்குப் பிறகு முகேஷ் என்னைப் பெரிய சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போனான். அங்கே எனக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவில் தமிழில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் படிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவர். வண்டியைப் பார்ப்போம், பழுது இருந்தால் மாற்றுவோம், பில் கொடுப்போம் என்றார். பை கண்டிப்பாக விரியும் என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "அய்யோ, ஹாகெல்லா பரெது கொடக்காகல்லா சார்" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதாம். இவ்வளவு பெரிய கட்டடம், எல்லோருக்கும் எழுதத் தெரியும், ஒருவரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். வண்டியை அங்கே விடாமல் திரும்பிவிட்டோம்.

கடைசியில், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் டிரேவரிடம் போனோம். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் நான் அவரை சார் என்றும் அவர் என்னை அங்கிள் என்றும் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவர் முதலில் ஒரு கருவியையும் தொடவில்லை. சாவியைத் திருப்பி, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட் எங்க மேன்?" என்றார்.

"எரியவில்லை சார், நல்லதுதானே?" என்றேன்.

"நல்லது இல்ல அங்கிள். சாவி போட்டதும் அந்த லைட் எரியணும். அஞ்சாறு செகண்ட்ல தானா அணையணும். எரிஞ்சு அணைஞ்சா, நான் செக் பண்ணிட்டேன், எல்லாம் ஓகேன்னு வண்டி சொல்லுதுன்னு அர்த்தம். எரிஞ்சிட்டே இருந்தா பழுது. எரியவே இல்லைன்னா எவனோ வண்டியோட வாயை அடைச்சிட்டான்னு அர்த்தம்." அவர் மீட்டரைக் கழற்றினார். டேப்பை இரண்டு விரலால் எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "யாரு மேன் இந்த வேலை பண்ணது?"

எனக்குத் தெரியாது என்றேன். விக்கி தெருப் பையன் என்பதால் அப்படிச் சொல்லிவிட்டேன். இந்தப் பொய்யை நான் பேசினேனே தவிர எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பிறகு அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி, கையடக்கமான ஒரு மிஷினைப் பார்த்தார். வண்டிக்குள் என்ன கோளாறு என்று அந்த மிஷின் எழுதிக் காட்டுகிறது. அதற்குத் தமிழ் வராது. டிரேவர் படித்துச் சொன்னார். ஸ்டியரிங்குக்குள் நாடா மாதிரி ஒரு ஒயர் சுருட்டி வைத்திருக்கிறார்களாம். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே சுருண்டு விரியும். ஹாரனுக்கும் பைக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது. வயதாகி அது அறுந்துவிட்டது. ஆகவே ஹாரன் நின்றதும் விளக்கு எரிந்ததும் ஒரே நோய். பிள்ளைத்தாச்சிக்காக வண்டி வாயை மூடிக்கொள்ளவில்லை. இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புது நாடா மாட்டுவதற்கு முன்னால் டிரேவர் பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்களையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். சோம்பேறியோ என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார், பைக்குள் வெடிமருந்து மாதிரி ஒன்று இருக்கிறதாம், மிச்சக் கரண்ட் இறங்குவதற்குள் கை வைத்தால் பை அவர் முகத்தில்தான் விரியுமாம். நான் சுவரில் மோதிப் பார்த்ததை அப்போது சொன்னேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"அங்கிள், நீங்க தள்ளின வேகத்துக்கெல்லாம் பை விரியாது, விரியவும் கூடாது. அதுக்கு நல்லா பலமா மோதணும். அந்த வேகத்துல மோதியிருந்தா நீங்க இப்ப டீ குடிச்சிட்டு இருக்க மாட்டீங்க. அப்புறம், முன்னால பம்பர்ல அந்த இரும்புக் கம்பி கார்டு எதுக்கு? அடியை அது வாங்கிக்கும், பைக்கு விஷயமே தெரியாது. சட்டப்படியும் தப்பு. கழட்டிருங்க." முகேஷ் ஆசையாக மாட்டிய கம்பி அது. கழற்றிவிட்டோம். வளைந்த நம்பர் பிளேட்டைக் கையாலேயே நிமிர்த்திவிட்டேன்.

அடுத்து எழுதப் போவது உங்கள் மனதைப் புண்படுத்தக் கூடாது. செகண்ட் ஹாண்டில் இந்த வண்டியை வாங்கியபோது நீங்கள் அன்போடு கொடுத்த பித்தளை முருகனை டேஷ்போர்டின் இடது பக்கம் நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தோம். டிரேவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இரண்டாவது பை சரியாக அந்த இடத்துக்குக் கீழேதான் மடித்து வைத்திருக்கிறதாம்.

"பை மூடியைக் கிழிச்சிட்டு வரும் அங்கிள். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள வரும். சாமியும் கூடவே வரும்."

"ஆபத்து நேரத்தில் சாமி வருவது நல்லதுதானே சார்?"

"வேலோட வரும் அங்கிள்."

எங்கள் வீட்டில் புத்தர் படம்தான் என்பதால் நாங்கள் வேண்டுமென்றே முருகனை எடுத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. முத்தம்மாவை ஆட்டோவில் வரவழைத்தோம். அவள் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டாள். டிரேவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மீன் பிடிக்கும் நரம்பைப் பசைக்குள் விட்டு, ஓர் இழுப்பு, ஓர் இழுப்பாக அரை மணி நேரம் அறுத்தார். மூடியில் கீறல்கூட விழவில்லை. முருகன் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் புத்தருக்குப் பக்கத்தில் இருக்கிறார். தினமும் காலையில் இருவருக்கும் ஒரே பூச்சரத்தைச் சேர்த்துப் போடுகிறோம். சண்டை ஏதும் இல்லை.

நாடா மாட்டி முடித்ததும் ஹாரன் அடித்துப் பார்த்தார். நாலு மாதச் சத்தம் ஒன்றாக வந்தது போல் இருந்தது. சாவியைத் திருப்பினார். அந்த உருண்டை வயிற்று விளக்கு எரிந்தது. நான் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அணைந்தது. மறுபடி, மறுபடி என்று பத்துத் தடவை சாவியைத் திருப்பச் சொன்னேன். பத்துத் தடவையும் எரிந்து அணைந்தது. மிஷினும் கோளாறு இல்லை என்றது. இந்த மாடல் வண்டிகளில் பை கெட்டது என்று கம்பெனி திருப்பிக் கூப்பிட்ட வண்டிகள் உண்டாம். நம் வண்டியின் சேஸிஸ் நம்பரை டிரேவர் போனில் போட்டுப் பார்த்தார். அந்தப் பட்டியலில் நாம் இல்லை. சில வண்டிகளில் இத்தனை வருடத்துக்குப் பிறகு பையை மாற்று என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமாம். இதில் கதவிலும் இல்லை, வண்டியோடு வந்த புத்தகத்திலும் இல்லை.

"அப்படியானால் விரியும் என்று எழுதித் தாருங்கள் சார்" என்றேன்.

"மிஷின் சொல்லுது, நானும் சொல்றேன். எழுத மாட்டேன் அங்கிள். விரியுமான்னு விரிச்சுப் பாத்தாத்தான் நூத்துக்கு நூறு தெரியும். விரிச்சிட்டா அப்புறம் அது பை இல்ல, கிழிஞ்ச துணி. பதிமூணு வருஷ வண்டி. பாக்க வேண்டியதை எல்லாம் பாத்தாச்சு. அதுக்கு மேல எழுதித் தர்றது கர்த்தர் வேலை மேன்."

கர்த்தர் எழுதித் தரும் வரை விஜி காத்திருக்க முடியாது. ஆகவே நானே எழுதுகிறேன்.

சம்பந்தி பொன்னுரங்கம் அவர்களுக்கு பச்சைமுத்து ஆகிய நான் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், எங்கள் காரில் உள்ள இரண்டு ஏர்பேக்குகளையும் தெரிந்த ஆள் ஒருவர் என் கண் முன்னால் சோதித்தார். அறுந்த ஒயர் மாற்றப்பட்டது. விளக்கு முறைப்படி எரிந்து முறைப்படி அணைகிறது. பைக்கு வழி மறித்த இரும்பும் சாமியும் அகற்றப்பட்டன. இதற்கு மேல் மனிதனால் பார்க்கக்கூடியது ஒன்றும் இல்லை. இது முழுவதும் உண்மை. இதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து, கைநாட்டு அல்ல.

பச்சைமுத்து

விஜியும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக உங்கள் வீடு வந்து சேரவும், உங்கள் முழங்கால்கள் இரண்டும் பேரனையோ பேத்தியையோ தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்குத் தெம்பு பெறவும், சம்பந்தியம்மாளின் சமையலை நாங்கள் எல்லோரும் சீக்கிரம் வந்து சாப்பிடவும் மனதார வேண்டிக்கொள்கிறேன். முத்தம்மாவும் முகேஷும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். உங்கள் மச்சினருக்கு என் தனி வணக்கத்தைத் தெரிவித்து, இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள சம்பந்தி,
பச்சைமுத்து

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. இன்று காலை எழுதி முடித்து, பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க விஜியிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்தாள். இரண்டு இடத்தில் புள்ளி வைத்தாள். பிறகு, "மாமா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் என்னைக்கு முன் சீட்ல உக்காந்தேன்?" என்று கேட்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முத்தம்மாவோடு பின் சீட்டில்தான் உட்காருகிறாள். உடனே டிரேவருக்குப் போன் செய்தோம். "பின்னாலயா? பின்னால பையே கிடையாது அங்கிள். நீங்க கேக்கவே இல்லையே மேன்!" என்றார். பின்னால் இருப்பவர்களுக்குப் பெல்ட்தான் உயிர் என்றார். எங்கள் வண்டியில் பின்னால் பெல்ட் இல்லை என்றேன். சீட் கவரைத் தூக்கிப் பாருங்கள் என்றார். தூக்கினோம். மூன்று பெல்ட்டுகள் படுத்திருந்தன. வெளியே எடுத்து, மெதுவாக இழுத்தால் வருகிறதா, வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தோம். பிடித்துக்கொள்கிறது. கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் படாமல் வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலும், மேல் பட்டை மார்புக்கு நடுவிலும் போக வேண்டும் என்று டிரேவர் போனிலேயே சொல்ல, விஜி போட்டுப் பார்த்தாள். சௌகரியமாக இருக்கிறது என்கிறாள். முத்தம்மாவும் போட்டுக்கொண்டாள். கழற்றத் தெரியாமல் ஒரு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

பெல்ட்டுக்குத் தனியாக ஓர் உறுதி எழுத வேண்டுமானால் இன்னும் பதினோரு நாள் ஆகும். விஜியின் லீவு ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிறது. ஆகவே நீங்கள் அன்று காலை ரயிலில் வந்து, பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து, உங்கள் கையாலேயே பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கவும். பிடிப்பு திருப்தியாக இருந்தால் எல்லோரும் காரில் வரலாம். இல்லாவிட்டால் விஜியை ரயிலில் அழைத்துக்கொண்டு நீங்கள் முன்னால் போங்கள், முகேஷும் நானும் பெட்டிகளோடு காரில் பின்னால் வருகிறோம். நான்கு தாளில் நான் மேலே எழுதிக் கொடுத்திருக்கும் உறுதி அத்தனையும் முன் சீட்டுக்கு உரியது. முகேஷுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருவது நான். ஆகவே என்னைப் பற்றி மட்டும் நீங்கள் எந்தக் கவலையும் பட வேண்டாம்.